ஊரார் வீட்டுக்குக் கல் சுமந்தேன்

பிப்ரவரி 7, சனி. கோவை.

காலையில் நல்ல பனி. பத்து மணிக்கு மேல்தான் வெயில். இன்று முழுக்கப் பெட்டி கட்டும் வேலை.

எடுத்து வைத்தவை: பழைய சுடிதார் ஐந்து. கேன்வாஸ் ஷூ. ஸ்வெட்டர். தைலம், பஞ்சு, பிளாஸ்திரி. தோல் கையுறை இரண்டு ஜோடி. ஹார்டுவேர் கடைக்காரர், "எதுக்குங்க மேடம், வெல்டிங்குக்குங்களா?" என்று கேட்டார். வீடு கட்டப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டார்.

நாளை காலை சென்னை. அங்கிருந்து கொழும்பு, பிறகு வேனில் மலைக்கு. மொத்தம் ஒன்பது பேர். ராமசாமி அண்ணாவின் சேவைச் சங்க ஏற்பாடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் லைன் வீட்டில், இருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தனி வீடு. அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டிருக்கிறார்களாம். எட்டு நாளில் சுவர் எழுப்பிக் கூரை போட்டுத் திரும்ப வேண்டும்.

அண்ணா பெருந்துறையில் நூல் மில் நடத்தியவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். அண்ணாவின் மனைவி சாந்தாமணி அக்கா எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்க வந்து பழக்கம். அவர்தான் கூப்பிட்டார். "நீங்களும் வாங்க ஜெயராணி. லீவு போட்டுக்கலாமுங்க." யோசிக்காமல் சரி என்றேன். அவர் கூப்பிட்டது பெருமையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மதியம் அம்மாவிடமிருந்து போன், வால்பாறையிலிருந்து. டவர் விட்டு விட்டு. எஸ்டேட் ஆபீசில் கடிதம் கொடுத்துவிட்டார்களாம். ரிட்டயர் ஆகி ஒரு வருடம் ஆயிற்று. இந்த மாதக் கடைசிக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"நீ ஒரு நடை வந்தீன்னா பேசிக்கலாம் கண்ணு."

"கொழும்புல நூலகர்கள் கூட்டம்மா. பத்து நாள். முடிச்சுட்டு வர்றேன்."

"கொழும்பா. அது கடல் தாண்டியில்ல இருக்கு. பாத்துப் போ."

நூலகர்கள் கூட்டம். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. தயாராக இருந்ததுபோல் வந்தது.

சாப்பிடும்போது சுந்தர் கேட்டார். "அத்தை போன் பண்ணாங்களா? என்ன சொன்னாங்க?"

"சும்மாத்தான்."

பிப்ரவரி 9, திங்கள்.

வந்து சேர்ந்தோம். நல்ல குளிர். வழியெல்லாம் வளைவு. பின் சீட்டில் இருவர் வாந்தி. எனக்கு ஒன்றுமில்லை. "உங்களுக்கு மலைப் பயணம் ஒத்துக்குதுங்க" என்று சாந்தாமணி அக்கா ஆச்சரியப்பட்டார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் பேக்டரியிலிருந்து இலை வாடும் வாசனை. வேனில் எல்லோரும் மூச்சை இழுத்து, ஆகா என்றார்கள். நானும் இழுத்தேன், இப்போதுதான் முதல் தடவை முகர்கிறவள் மாதிரி.

தங்குவது தோட்டத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தில். பெண்கள் நால்வர் ஓர் அறை. வெந்நீர் வாளிக் கணக்கில். சாப்பாடு: சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். காரம்.

பிப்ரவரி 10, செவ்வாய்.

வெயில். மேகம் மலைக்குக் கீழே. முதல் நாள் வேலை.

வீட்டுக்காரம்மா பெயர் சிவபாக்கியம். ஐம்பத்தெட்டு வயது. கொழுந்து பறிக்கிறவர். இன்னும் வேலையில் இருக்கிறார். மகன், மருமகள், இரண்டு பேத்திகள். போன மழையில் அவர்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து கடைசிக் காம்பரா புதைந்துவிட்டது. காம்பரா என்றால் ஒரு குடும்பம் இருக்கும் அறை. நல்லவேளை, அதில் அப்போது ஆள் இல்லை. அதனால்தான் மேட்டில் இந்தப் புது இடம்.

வேலை சொல்பவர் உள்ளூர் கொத்தனார். இங்கே பாஸ் என்கிறார்கள். பாஸ் எங்கள் ஒன்பது பேரையும் பார்த்துவிட்டு வரிசையாக நிற்க வைத்துக் கல்லைக் கை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். வேறெதற்கும் லாயக்கில்லை என்று கணித்திருப்பார். சரியான கணிப்பு.

மதியம் சிவபாக்கியம் தன் காம்பராவுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தார். குனிந்து நுழைய வேண்டும். முன்னால் கட்டில், அடுப்பு பின்னால், நடுவில் சேலை மறைப்பு. கூரைத் தகரத்தில் புகைக்கரி. சாந்தாமணி அக்கா உள்ளே நின்று சுற்றிலும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நல்ல மனசு அவருக்கு, அதைச் சொல்லத்தான் வேண்டும். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க ஜெயராணி, மனுசங்க இதுக்குள்ள எப்படிங்க ஒரு ஆயுசு பூரா இருக்கறாங்க? நீங்க இந்த மாதிரி எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க அக்கா. இப்பத்தான் பாக்கறேன்."

பதினேழு வயது வரை நான் படுத்தது அதே மாதிரி ஒரு சேலை மறைப்புக்குப் பின்னால். கல்லூரி விடுதிக்குப் போன அன்றுதான் அந்த மறைப்பிலிருந்து வெளியே வந்தேன்.

பிப்ரவரி 11, புதன்.

உடம்பெல்லாம் வலி. வலது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஜன்னல் மட்டம் வரை சுவர்.

ராமசாமி அண்ணா மணல் சலித்தார். அறுபத்தொன்பது வயதில் நன்றாகத்தான் சலிக்கிறார். பாஸ் அவரிடம் மட்டும் மரியாதையாகப் பேசுகிறார்.

ஒன்று எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். கீழே பேக்டரியில் வேலைக்குச் சங்கு ஊதியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு, துப்பட்டா முனையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. சுற்றிலும் எங்கள் ஆட்கள் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நின்றிருந்தது இரண்டே பேர். நான், எதிரே சிவபாக்கியம்.

அவர் என்னையே பார்த்தார். நான் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி.

காலையில் தூறல், பிறகு வெயில். சுவர் முடிந்தது. நாளை கூரைக் கட்டைகள்.

இன்று சிவபாக்கியம் வேலைக்குப் போகவில்லை. நானும் அவரும் சேர்ந்து கலவை அள்ளினோம். மற்றவர்கள் தள்ளி இருந்தார்கள். அவர் குனிந்தபடியே பேச்சுக் கொடுத்தார்.

"மகள், ஒங்களுக்குச் சொந்த ஊரே கோயம்புத்தூரா?"

"ஆமாங்க."

"எங்க பெரியம்மா குடும்பம் அந்தக் காலத்துல இந்தியாவுக்குப் போச்சு. அங்கயும் தேயிலதான். வால்பாறைன்னு சொல்வாங்க. அந்தப் பக்கம் தெரியுமா?"

"டூர் போயிருக்கேன்."

"அங்க லயம் எப்பிடி? நல்லா இருக்குமா?"

"கிட்டப் போய்ப் பாத்ததில்லைங்க."

"சரி மகள்" என்றார். அவ்வளவுதான். கலவையைக் கொத்திவிட்டார். பொய் என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுக்கிறவர்களின் 'சரி' அது. அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அம்மாவைக் கோவைக்குக் கூட்டிவர வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றே. "அவருக்கு ஒத்து வராதும்மா." அவர் என்றால் சுந்தர். சுந்தர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. கல்யாணம் ஆன புதிதில் அவராகவே, "அத்தை அங்க தனியா எதுக்கு, இங்க வந்துரட்டுமே" என்றார். அம்மா மலையை விட்டு வர மாட்டாள் என்று அவரிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். இப்படியே பதினாறு வருடம். இரண்டு பேரும் நல்லவர்கள், என்னை நம்பினார்கள்.

மகள் மது சென்னைக்குப் பள்ளி விடுதிக்குப் போனதிலிருந்து அவள் அறை காலி. இஸ்திரி போட்ட துணி வைக்கிறேன் அதில்.

ஏன்? அம்மா வெற்றிலை போடுவாள். காட்டில் கூப்பிட்டுப் பழகிய குரல், மூன்றாம் மாடி வரை கேட்கும். வாட்ச்மேனை சார் என்பாள். இதெல்லாம் பொய்க் காரணம். அவள் வந்து நின்றால் நான் யார் என்று தெரிந்துவிடும். கல்லூரியில் என் சொந்த ஊர் பொள்ளாச்சி. அப்பா எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை பார்த்துத் தவறிப்போனவர். இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா உரமும் மருந்தும் சுமந்தவர்.

கை எரிகிறது. சிமெண்ட் பட்ட இடம்.

பிப்ரவரி 14, சனி.

கூரைக் கட்டைகள் ஏற்றியாகிவிட்டது. ஆண்கள் எல்லோருக்கும் ஒரே குஷி. படம், படம், படம். சாந்தாமணி அக்கா என்னைத் தலையில் துணியைச் சும்மாடு கட்டிக் கல்லோடு நிற்கச் சொல்லி எடுத்தார். "நீங்க வச்சா மட்டும் கல்லு ஆடாம நிக்குதுங்க, அதெப்படி?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

திங்கட்கிழமை விழா. சங்கத்தின் சார்பில் நான் பேச வேண்டுமாம். "புத்தகத்தோட இருக்கறவங்க, நீங்கதான் அழகாப் பேசுவீங்க" என்று ராமசாமி அண்ணா. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: தாய்க்கு ஒரு வீடு.

மறுக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு.

இன்று சிவராத்திரி, தோட்டத்தில் லீவு. கோயிலில் மைக் செட். எங்களுக்கும் ஓய்வு. துணி துவைத்தேன். நகம் இன்னும் கறுப்பு. பேச்சுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'ஒவ்வொரு தாயும்' என்று எழுதி நிறுத்தியபோது அம்மா போன்.

"கண்ணு, மேனகா செல்லுல ஒரு படம் காட்டினா."

மேனகா லைனில் அடுத்த வீட்டுப் பெண். என் முகநூலில் இருக்கிறாள். சாந்தாமணி அக்கா நேற்றைய படங்களை என் பெயரோடு போட்டிருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை.

"தலைல கல்லு வச்சுட்டு நிக்கற. நீதானான்னு ரெண்டு தடவ பாத்தேன்."

பேனாவை மூடி வைத்தேன்.

"நல்ல காரியம்தான் கண்ணு. யாருக்கு வீடு?"

"இங்க ஒரு தோட்டத்து அம்மாவுக்கு."

"லைன்ல இருக்கறவங்களா?"

"ஆமாம்மா."

"பாவம். நல்லபடியாக் கட்டிக் குடுங்க." கொஞ்ச நேரம் இரைச்சல். டவர் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. "கை புண்ணாயிருக்குமே. உனக்குப் பழக்கமில்லையே. மஞ்சளக் கொழைச்சு வை."

கூட்டம் என்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. லைன் வீட்டைப் பற்றியும் பேசவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதற்கு எனக்குப் பதில்கள் உண்டு.

குறிப்பு எழுதி முடித்தேன். ஒரு பக்கம். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதுதான் அசிங்கம்.

பிப்ரவரி 16, திங்கள்.

விழா. காலை பதினொன்றுக்கு. வெயில், காற்று. கூரைத் தகடு நேற்றே பாஸின் ஆட்கள் போட்டுவிட்டார்கள், லீவிலும்.

வாசலில் மாவிலை, ரிப்பன். தோட்டத்து ஆட்கள் ஐம்பது பேர் இருக்கும். நான் பேசினேன். ஆயுள் முழுக்க அடுத்தவர் கோப்பைக்கு இலை பறித்த கைகள், கடைசியில் தலைசாய்க்கச் சொந்தமாக ஓரிடம், தாயைக் குளிரில் விட்டுவிட்டு நாம் உண்ணும் சோறு. அப்படியெல்லாம். குரல் ஓரிடத்தில் உடைந்தது. நடிப்பில்லை. ஆனால் நடிப்பைவிட மோசம், ஏனென்றால் கைதட்டினார்கள். ராமசாமி அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன பேச்சுங்க" என்று சாந்தாமணி அக்கா கட்டிக்கொண்டார். பேச்சைச் சங்க மலரில் போடுகிறார்களாம். தாளைக் கேட்டார். ஊரில் தருகிறேன் என்றேன்.

கிளம்பும்போது சிவபாக்கியம் என் கையைப் பிடித்துத் தனியே சுவர் ஓரம் கூட்டிப்போனார்.

"நல்லாப் பேசினீங்க மகள்."

"ஏதோ பேசினேங்க."

"ஒங்க அம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதானே?"

பக்கத்தில் யாரும் இல்லை. தலையை ஆட்டினேன்.

"எங்க இருக்காங்க?"

"லைன்லதாங்க. இந்த மாசம் காலி பண்ணணும்."

சிவபாக்கியம் என் கையை விட்டுவிட்டார். கோபமாக இல்லை. வியர்வையைத் துடைக்கத்தான் விட்டிருப்பார். ஆனால் திரும்பப் பிடிக்கவில்லை. "போங்க மகள், வேன் நிக்குது" என்றார்.

பிப்ரவரி 18, புதன். கோவை.

சென்னையிலிருந்து காலை விமானம். சுந்தர் கார் கொண்டு வந்திருந்தார். வெக்கை ஆரம்பித்துவிட்டது. ஊர் தூசி.

அவிநாசி ரோட்டில் சிக்னல். சிவப்பு. அப்போதுதான் ஆரம்பித்தார், ரோட்டைப் பார்த்தபடி.

"அத்தை ஞாயித்துக்கெழம எனக்குப் போன் பண்ணாங்க. நீ எப்ப வர்றேன்னு கேக்கறதுக்கு."

"ம்."

"லைன் காலி பண்ணணுமாம். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வந்து சொல்லலாம்னு."

"இங்க வந்துருங்க அத்தைன்னேன். அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'வேண்டாம் மாப்பிள, உங்களுக்கு ஒத்து வராதுன்னு ராணி முன்னயே சொல்லியிருக்கா. நான் அதத் தப்பா எடுத்துக்கல, உங்க ஊடு, உங்க சௌரியம்'னாங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். வண்டியை எடுக்கவில்லை அவர்.

"எத்தன வருசமா எனக்கு ஒத்து வரல?"

"பதினாறு."

வண்டியை எடுத்தார். லிப்டில் என் பெட்டியை அவர்தான் தூக்கினார். மாலை மது அறையிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்து எங்கள் கட்டில்மேல் வைத்தார். மடித்தது கலையாமல். கட்டிலை நகர்த்திக் கூட்டினார். நான் கதவருகே நின்றேன். உதவிக்குக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 21, சனி.

வால்பாறை போய்த் திரும்பினேன். தனியாக. சுந்தர் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பொள்ளாச்சியில் பஸ் மாறி, நாற்பது கொண்டை ஊசி வளைவு. பக்கத்தில் குரங்குக்குப் பொரி போடக் காத்திருந்த ஒரு குடும்பம்.

லைன் வீடு பூட்டியிருந்தது. அம்மாவின் பூட்டு இல்லை, எஸ்டேட் பூட்டு. மேனகா வந்தாள். "அக்கா, அத்தை வியாழக்கெழமையே சாவியக் குடுத்துட்டாங்க. புஷ்பம் பெரியம்மா ஊட்டுக்குப் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும், மறந்துவிட்டேன் என்றேன். இன்னும் ஒரு பொய்.

புஷ்பம் அத்தை அம்மாவோடு ஒரே வரிசையில் இலை பறித்தவர். டவுனில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்கு. மகன் இல்லை. அம்மாவின் சாமான் மொத்தம்: தகரப் பெட்டி, இரண்டு குடம், பாத்திர மூட்டை, என் கல்லூரிப் பட்டமளிப்புப் போட்டோ. போட்டோவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கண்ணாடி உடையாமல் இருக்கவாம்.

அம்மா இளைத்திருக்கிறாள். என் கையைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள். "நகம் விழுந்து மொளைக்கும், பயப்படாத."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அவர் ஒண்ணும் சொல்லலம்மா. எப்பவுமே சொல்லல. நான்தான்."

"தெரியும் கண்ணு."

"எப்ப இருந்து?"

"மாப்பிள மொகத்தப் பாத்தா தெரியாதா." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "நீ படிச்சு மேல போன புள்ள. உனக்குன்னு ஒரு எடம் இருக்கு. அதுல நான் வந்து நின்னு எதுக்கு?"

புஷ்பம் அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்.

வா என்றேன். மூன்று தடவை. கடைசியில், "மாப்பிள ரெண்டு வாட்டி கூப்பிட்டுட்டாரு. வராம இருந்தா மருவாதி இல்ல. ஒரு பத்து நாளைக்கு வாரேன்" என்றாள். நான் கூப்பிட்டதற்காக இல்லை. அது எனக்குப் புரிய வேண்டும் என்றும் அவள் சொல்லவில்லை. புரிந்தது.

சாப்பிடும்போது கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு ஊடு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"சமையக்கட்டுக்கு சன்னல் வச்சீங்களா? பொகை போகணும். இல்லாட்டி நெஞ்சு கெட்டுப்போகும்."

ஜன்னல் வைத்தோமா? ஐந்து நாள் கல் சுமந்தும் நினைவில்லை. போனிலிருந்த படங்களில் தேடினேன். எல்லாவற்றிலும் நாங்கள்தான் இருந்தோம், சிரித்துக்கொண்டு.

"வச்சோம்மா" என்றேன்.

பிப்ரவரி 25, புதன்.

திங்கட்கிழமை சுந்தர் போய் அம்மாவைக் காரில் கூட்டிவந்தார். தகரப் பெட்டியோடு. மற்ற சாமான்கள் புஷ்பம் அத்தையிடமே.

மின்விசிறி வேண்டாம் என்கிறாள். காலை ஐந்துக்கே எழுந்துவிடுகிறாள். பால்கனியில் துணி காயப்போட்டு, க்ளிப் மாட்டத் தெரியாமல் முடிச்சுப் போட்டிருந்தாள். மெதுவான குரலில்தான் பேசுகிறாள். மூன்று நாளில் ஒரு தடவைகூட உரக்கப் பேசவில்லை. யார் சொன்னார்கள் மெதுவாகப் பேசச் சொல்லி? யாரும் சொல்லவில்லை.

நூலகத்தில் பீரியாடிகல்ஸ் பைண்டிங் வேலை பாக்கி. தண்ணீர் வரி. மதுவுக்கு சுடிதார் கூரியர்.

மது போனில் அரை மணி நேரம் பேசினாள் அம்மாவுடன். அறையிலிருந்து சிரிப்பு கேட்டது. அம்மாவின் சிரிப்பு. என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு.

வெயில் ஏறிவிட்டது. காலை பத்து மணி. சுந்தர் கறி வாங்கப் போயிருந்தார். நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல். அம்மா திறந்திருக்கிறாள்.

வெளியே வந்து பார்த்தால் ஹாலில் சாந்தாமணி அக்கா, கையில் அச்சடித்த ஆல்பம். போன் செய்யாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். "இந்தப் பக்கம் ஒரு சீரு விசேசமுங்க. அப்படியே பேச்சுத் தாளையும் வாங்கிட்டுப் போயிரலாம்னு."

உட்கார்ந்தார். நான் ஈரத் தலையோடு எதிரே. அம்மா சமையலறை நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

அக்கா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க யாருங்கம்மா? நான் பாத்ததில்லையே."

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஊட்டு வேலைக்கு வந்திருக்கறனுங்கம்மா."

தடுமாறவே இல்லை. நாளெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில் மாதிரி.

"அப்படீங்களா. பெரியவங்களா, பொறுப்பாத்தான் தெரியறீங்க. ஒரு காப்பி கெடைக்குமுங்களா?"

"இதா தாரனுங்க" என்று உள்ளே போனாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. அக்கா ஆல்பத்தைத் திறந்து முதல் பக்கம் காட்டினார். பார்த்தேன். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். இது எவ்வளவு நல்லா வந்திருக்குதுங்க, பாருங்க. பார்த்தேன். உள்ளே டம்ளர் சத்தம். பேச்சுத் தாள் எங்கே என்று கேட்டார். அலமாரியில் என்றேன். எழுந்து எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். டபரா டம்ளரில், தட்டின்மேல் வைத்து. என் எதிரேயும் ஒன்று. அக்கா பாதி குடித்தார். "நல்லா இருக்குதுங்கம்மா" என்றார். அம்மா தலையசைத்தாள். தட்டை மார்போடு பிடித்திருந்தாள்.

"அக்கா, இது எங்கம்மா."

அக்கா டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"வால்பாறை எஸ்டேட்ல இலை பறிச்சாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் லைன் வீடு. நான் அங்கதான் பொறந்தேன்."

அக்கா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மடியிலிருந்த பேச்சுத் தாளைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் அவருக்குத்தான் முகம் சிவந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க ஜெயராணி..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார். பிறகு அம்மாவிடம், "தெரியாமக் கேட்டுபோட்டனுங்கம்மா. நீங்க உக்காருங்க மொதல்ல" என்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

அம்மா உட்காரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் பின்னாலேயே போனேன். அடுப்பு அணைத்திருந்தது. பால் ஏதும் இல்லை.